ஊர் சிறுவர் பேஸ்பால் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு: ரெக் லீக்கையும் டிராவல் கிளப்புகளையும் எப்படி ஒன்றாக நடத்துவது?

ரேரிட்டன் கரை:

அனைவருக்கும் வணக்கம். மத்திய நியூஜெர்சியில் நாங்கள் வசிக்கும் ஊரின் சிறுவர் பேஸ்பால் சங்கத்தில் ஓர் அணியின் மேனேஜராகச் சில ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். அக்டோபரில் தொடங்கும் அடுத்த நிதியாண்டுக்குச் சங்கத் தலைவராகப் பொறுப்பேற்குமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டோடு வளர்ந்த நான் இந்த ஆட்டத்தை மகனோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆட்டத்தை அறிவது வேறு, சங்கத்தை நடத்துவது வேறு என்பதை நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்தபோது தெரிந்துகொண்டேன். ஆகவே இத்தகைய பொறுப்புகளில் இருந்தவர்களின் அனுபவத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய விரும்புகிறேன்.

எங்கள் சங்கம் சிறுவர் பேஸ்பாலுக்கான லிட்டில் லீக் அமைப்பின் சாசனம், அதாவது அதன் பெயரில் நடத்துவதற்கான அனுமதி, பெற்றது. கம்பின் மேல் வைத்த பந்தை அடிக்கும் டீபால் ஆட்டத்தின் ஐந்து வயதுக் குழந்தைகள் முதல் பன்னிரண்டு வயதினரின் மேஜர்ஸ் பிரிவு வரை, பதிவுசெய்யும் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் ரெக் லீக் (பொழுதுபோக்கு லீக்) நடக்கிறது. பதின்மூன்று வயதுக்கு மேல் ஓர் அணி சேர்வதே அரிதாகிவிட்டது. இவற்றின் பக்கத்திலேயே, சங்கத்தின் பெயரைச் சட்டையில் தாங்கிக்கொண்டு, வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் மூன்று டிராவல் கிளப்புகளும் இயங்குகின்றன. ரெக் பருவம் முடிந்தபின் கோடையில் கூடுதலாக ஆட விரும்பும் குழந்தைகளுக்காகத்தான் அவை முதலில் தொடங்கப்பட்டன. இப்போது ஏப்ரல் மாதத்திலேயே வார இறுதிப் போட்டிகளுக்குப் போய்விடுகின்றன. ஒவ்வொரு கிளப்புக்கும் தனிப் பயிற்சியாளர், தனிக் கட்டணம், தனி அட்டவணை என்று ஆகிவிட்டது.

இதனால் ஏற்படும் நெருக்கடியை நான் நேரில் பார்க்கிறேன். பத்து, பதினொரு வயதில் நன்றாக எறியக்கூடிய பிள்ளைகளும், அணிகளை நடத்தத் தெரிந்த அவர்களுடைய பெற்றோரும் டிராவல் பக்கம் போய்விடுகிறார்கள். ரெக் அணிகளில் பெயரளவில் இருந்தாலும், சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்கள் வருவார்களா என்பது வெள்ளிக்கிழமை இரவு வரை தெரிவதில்லை. மின்விளக்கு உள்ள மைதானங்கள் இரண்டே இருக்கின்றன. அவற்றின் மாலை நேரங்களில் பெரும்பகுதியை கிளப்புகள் எடுத்துக்கொள்கின்றன. வங்கிக் கணக்கு ஒன்றே என்பதால், எந்தப் பணம் ரெக் பதிவுக் கட்டணம், எது கிளப்பின் நிதி திரட்டலில் வந்தது என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கம், எங்கள் பகுதிக்கு அண்மைக் காலத்தில் குடிவந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். ஒரு பருவம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளி, நடன வகுப்பு ஆகியவற்றோடு நேரம் மோதுவது ஒரு காரணம் என்றாலும், அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிராவல் கிளப்புகளை முற்றிலும் வெளியேற்றிவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இருக்கும் நல்ல பயிற்சியாளர்களையும் இழந்துவிடுவோம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். பொறுப்பேற்றதும் வரும் குளிர்காலத்தில் எதை முதலில் சரிசெய்வது? டிராஃப்ட் (மேனேஜர்கள் முறைவைத்துப் பிள்ளைகளைத் தம் அணிகளுக்குத் தேர்ந்தெடுப்பது), மைதான ஒதுக்கீடு, பணம் ஆகிய மூன்றிலும் நீங்கள் கண்ட நல்ல நடைமுறைகள் என்ன?

இரண்டாம் பேஸ்:

வாழ்த்துகள், ஐயா. பக்கத்து மாவட்டச் சங்கம் ஒன்றில் நான் வீரர் முகவராக இருந்தேன். பதிவு, டிரைஅவுட் எனும் திறன் சோதனை, டிராஃப்ட், அணி மாற்றம் எல்லாம் அந்தப் பொறுப்பின் கீழ் வரும். என் பிள்ளைகள் இருவரும் ஆடி முடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டேன்.

டிராவல் கிளப்புகளை முதல் சிக்கலாக வைத்திருக்கிறீர்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். உங்கள் கேள்வியின் நடுவே, ஒரு பருவம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சங்கத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பயிற்சியாளரே மெதுவாகப் பந்து எறியும் பிரிவிலிருந்து, குழந்தைகளே எறியும் மைனர்ஸ் பிரிவுக்கு வரும் வயது அது. ஒன்பது வயதுப் பிள்ளை 46 அடி தூரத்திலிருந்து ஸ்ட்ரைக் எல்லைக்குள் (அடிப்பவருக்கு எட்டும் சரியான பரப்புக்குள்) பந்தைப் போடுவது எளிதன்று. வரிசையாக நான்கு பந்து வெளியே போகும். அடிக்க வந்தவன் நடந்து முதல் பேஸுக்குப் போவான். அடுத்தவனும் அப்படியே போவான். பேஸ்களுக்கு வெகு பின்னே, வலது அவுட்ஃபீல்டில் நிற்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரம் ஒரு பந்துகூட வராது. அதே குழந்தை அடுத்த இரண்டு இன்னிங்ஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், மறு ஆண்டு அது ஏன் வர வேண்டும்?

கணக்காகப் பாருங்கள். ஆறு இன்னிங்ஸ் ஆட்டம், களத்தில் ஒன்பது இடம். மொத்தம் 54 இடங்கள். அணியில் 12 பேர் இருந்தால் சமமாகப் பகிரும்போது ஒவ்வொருவருக்கும் நாலரை இன்னிங்ஸ் கிடைக்கும். லிட்டில் லீக் விதி கட்டாயமாக்குவது ஆறு தற்காப்பு அவுட்டுகள் (எதிரணியின் ஆறு பேர் அவுட்டாகும் வரை களத்தில் நிற்பது), அதாவது இரண்டு இன்னிங்ஸ், அதோடு ஒரு முறை பேட் பிடிப்பது. அது குறைந்தபட்ச அளவு. பல மேனேஜர்கள் அதையே உச்ச அளவாக ஆக்கிவிடுகிறார்கள். உங்கள் சங்கத்தின் உள்விதியில் இதைவிடக் கூடுதலாக எழுத எந்தத் தடையும் இல்லை. எந்தக் குழந்தையும் அடுத்தடுத்து இரண்டு இன்னிங்ஸ் வெளியே உட்காரக் கூடாது, முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டில் நிற்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை நாங்கள் மைனர்ஸ் பிரிவுக்கு எழுதினோம். வந்திருக்கும் அனைவரும் வரிசையாகப் பேட் செய்யும் தொடர் பட்டியல் முறையையும் கடைப்பிடித்தோம். மேனேஜர்கள் சிலர் முதலில் கடுமையாக எதிர்த்தார்கள். மே மாத இறுதியில் அந்த எதிர்ப்பு இல்லை. பலவீனமானவர்கள் என்று அவர்கள் ஒதுக்கிய பிள்ளைகள் பந்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அணிகளின் அளவையும் பாருங்கள். மேனேஜராக வர ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அணிகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் 14 பேரை அடைப்பது மிகவும் பொதுவான பழக்கம். ஆனால் குழந்தைகளை விரட்டுவதற்கு அதைவிட உறுதியான வழி இல்லை. பதிவு முடிந்ததும், மேனேஜர் இல்லாத அணிகளின் பெற்றோரை நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். பொதுவாக அனுப்பும் மின்னஞ்சலுக்கு யாரும் முன்வருவதில்லை. கிரிக்கெட் ஆடிய தகப்பன்மார் பேஸ்பால் தெரியாது என்று சொல்லி ஒதுங்குவார்கள். உயரப் பந்தை வெறுங்கையால் பிடித்துப் பழகியவர், விக்கெட்டுக்குக் குறிபார்த்து எறிந்து பழகியவர், ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர நிறையவே வைத்திருக்கிறார். விதிகளை உதவிப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்ளலாம். இவ்வாறு முன்வந்த இரண்டு தகப்பன்மார்தான் எங்கள் சங்கத்தின் மிகச் சிறந்த மைனர்ஸ் மேனேஜர்களாக இருந்தார்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் என்றால் சாஃப்ட்பால்தான் என்று நம்மவர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சங்கப் பொறுப்பாளர்களே சிலர் அப்படித் திருப்பி அனுப்புகிறார்கள். 1972-இல் நம் மாநிலத்தின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி ஊர் அணிக்காகப் பந்து எறிந்தாள். அவளை ஆடவிட்டால் சாசனம் பறிக்கப்படும் என்று அந்த ஊர் லீக்குக்கு எச்சரிக்கை வந்தது. வழக்கு நடந்து, மாநிலச் சிவில் உரிமைப் பிரிவின் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் 1973-இல் சிறுமிகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகு, 1974 முதல் லிட்டில் லீக் தன் கதவைத் திறந்தது. அந்த உரிமை கிடைத்த மாநிலத்தில் இருந்துகொண்டு ஒரு சிறுமியையாவது நாம் வேறு ஆட்டத்துக்குத் தள்ளினால் அது பெரிய குறை. உங்கள் பதிவுப் படிவத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

டிராஃப்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீரர் முகவர் தாம் பார்த்துக்கொள்ளும் பிரிவில் மேனேஜராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது என்பது லிட்டில் லீக் விதி. ஆள் பற்றாக்குறையில் ஊர்ச் சங்கங்கள் முதலில் மீறுவதும் அதைத்தான். டிரைஅவுட்டில் மதிப்பெண் போடுபவர்களும் அந்தப் பிரிவின் மேனேஜர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நல்ல பிட்சரின் (பந்து எறிபவனின்) தந்தையைத் தம் உதவிப் பயிற்சியாளராக முன்பே அறிவித்துவிட்டு, பிள்ளையைப் பின்வாசல் வழியாகப் பெற்றுக்கொள்ளும் உத்தி எல்லா ஊரிலும் உண்டு. உதவிப் பயிற்சியாளர்களை டிராஃப்ட் முடிந்தபின் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்று வைத்தால் அது அடங்கிவிடும்.

டிராவல் கிளப்புகளைப் பொறுத்தவரை, ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை ரெக் ஆட்டத்துக்கே முதலிடம் என்று எழுதி ஒப்பமிடாத கிளப்புக்குச் சங்கத்தின் பெயரைத் தர வேண்டாம் என்பதே என் கருத்து.

பேரேடு:

மேலே எழுதிய சகோதரி குழந்தைகளின் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கணக்காளன், ஒரு சங்கத்தின் பொருளாளராக இருந்தவன். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தலைவரின் கையெழுத்து அங்குதான் விழுகிறது.

ஒரே வங்கிக் கணக்கில் எல்லாம் கலந்திருக்கிறது என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கவலை ஏற்பட்டது. லிட்டில் லீக் சாசனம் பெற்ற ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ், தாய் அமைப்பின் குழு விலக்கில் சேர்ந்து வரிவிலக்குப் பெற்றவை. அந்த விலக்கு தானாக நிலைத்திருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற சிறு மின்படிவம் போதும். அதற்கு மேல் போய் 2,00,000 டாலருக்குள் வரவும் 5,00,000 டாலருக்குள் சொத்தும் இருந்தால் 990-ஈஇசட். அதையும் கடந்தால் முழுப் படிவம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எதையுமே அளிக்காவிட்டால் விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். உங்கள் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறதென்றால் பிப்ரவரி 15-க்குள் படிவம் போக வேண்டும். பொறுப்பேற்குமுன் கடந்த மூன்று ஆண்டுகளின் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருமான வரித்துறையின் இணையத் தேடலிலும் சங்கத்தின் நிலை தெரியும்.

டிராவல் கிளப்புகளின் நிதி திரட்டலில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர் ஒருவர் சாக்லேட் விற்றோ நன்கொடையாளரைப் பிடித்தோ கொண்டுவரும் தொகையை அவருடைய பிள்ளையின் கட்டணத்திலேயே கழித்துக்கொள்ளும் வழக்கம் பல கிளப்புகளில் இருக்கிறது. உழைத்தவருக்குப் பயன் போவது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் வரிவிலக்குப் பெற்ற அமைப்பின் பணம் தனிமனிதரின் நலனுக்குப் போகக் கூடாது என்பது அடிப்படை விதி. வர்ஜீனியாவின் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் ஆதரவாளர் மன்றம் இதே முறையைக் கையாண்டதால் தன் விலக்கை இழந்தது. 2013-இல் வரி நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது. திரட்டிய பணம் அணி முழுவதற்கும், அல்லது கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கான உதவிக்குப் போகலாம். குலுக்கல் சீட்டு விற்றுப் பணம் திரட்டுவதாக இருந்தால், நியூஜெர்சியில் மாநில ஆணையத்தின் பதிவும் ஊராட்சியின் உரிமமும் வேண்டும்; வசூலில் பாதியை வென்றவருக்குத் தரும், மைதானத்தில் விற்கும் 50-50 சீட்டுக்கும் இது பொருந்தும்.

காப்பீட்டிலும் இதே கலப்பு ஆபத்தானது. லிட்டில் லீக் வழியாக எடுத்த விபத்துக் காப்பீடு, அதன் விதிகளுக்குட்பட்ட நிகழ்வுகளை மட்டுமே காக்கும். வேறோர் அமைப்பின் வார இறுதிப் போட்டிக்குப் போகும் டிராவல் அணிக்கு, சட்டையில் உங்கள் சங்கத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அந்தக் காப்பீடு வந்துவிடாது. மேலும், அது குடும்பத்தின் சொந்த மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறகு எஞ்சும் செலவுக்குத்தான் வரும் என்பதைப் பெற்றோருக்கு முன்பே சொல்லுங்கள். அடிபட்டபின் இதை விளக்குவது மிகவும் வேதனையான உரையாடல்.

ஆகவே என் யோசனை: கிளப்புகளைத் தனிச் சட்டப்பூர்வ அமைப்புகளாக, தனி வங்கிக் கணக்கோடு, தனிக் காப்பீட்டோடு பிரித்துவிடுங்கள். சங்கத்தின் கணக்கில் ஒவ்வொரு காசோலைக்கும் இருவர் கையெழுத்து இருக்கட்டும். வங்கி அறிக்கை, காசோலையில் கையெழுத்திடாத ஒரு நிர்வாகிக்கு மாதந்தோறும் நேராகப் போகட்டும். சிற்றுண்டிக் கடையின் ரொக்கத்தை இருவர் சேர்ந்து எண்ணட்டும். நேர்மையான பொருளாளரைச் சந்தேகத்திலிருந்து காப்பதும் இதுவே.

ரெக் பக்கத்துக்கு வருமானம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் லிட்டில் லீக்கைத் தொடங்கியபோது, மூன்று அணிகளையும் ஆதரித்தவை ஒரு பால் பண்ணை நிறுவனமும் ஒரு மரக்கடையும் ஒரு பிரெட்செல் நிறுவனமும்தான். இன்றும் ஊர்ப் பல் மருத்துவரும் பலசரக்குக் கடைக்காரரும் கேட்டால் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் இந்தியக் கடைக்காரர்களை அதுவரை யாருமே கேட்டதில்லை. கேட்டபோது மறுத்தவர் மிகச் சிலரே.

தோள்வலி:

நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் சிகிச்சைக்கு வரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் முழங்கைகளைப் பார்த்துப் பார்த்து, எங்கள் ஊர்ச் சங்கத்தின் பிட்சிங் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே பேரேடு அவர்கள் கிளப்புகளை முழுவதும் பிரித்துவிடச் சொல்கிறார். கணக்கு நோக்கில் அது சரியாக இருக்கலாம். பிள்ளையின் கை ஒன்றுதானே? அதை எப்படிப் பிரிப்பது?

2007 முதல் லிட்டில் லீக் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு எறிகளின் எண்ணிக்கையை வரம்பாக வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு 7-8 வயதினருக்கு 50, 9-10 வயதினருக்கு 75, 11-12 வயதினருக்கு 85. பதினான்கு வயது வரை, 21 முதல் 35 எறிகளுக்கு ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66 அல்லது அதற்கு மேல் நான்கு நாள். ஒரே நாளில் 41 அல்லது அதற்கு மேற்பட்ட எறிகள் எறிந்தவன் அன்று கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னே பந்தைப் பிடிப்பவராக) நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று எறியக் கூடாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பதால் இந்தக் கடைசி விதி மிகவும் தேவையானது.

இந்த விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. லிட்டில் லீக் ஆட்டத்தில் எறிந்த பந்துகள் மட்டுமே அந்தக் கணக்கில் வரும். ஒரு பையன் சனிக்கிழமை டிராவல் போட்டியில் 60 பந்து எறிகிறான் என்று வையுங்கள். அட்டவணைப்படி ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஓய்வு. புதன்கிழமைதான் மீண்டும் எறியலாம். ஆனால் திங்கட்கிழமை மாலை ரெக் ஆட்டத்தின் ஏட்டில் அவன் பெயருக்கு நேரே எதுவுமே இருக்காது. ரெக் மேனேஜர் அவனை நிம்மதியாக அழைத்து இன்னொரு 60 பந்து எறிய வைப்பார். இரண்டு பயிற்சியாளர்களும் தத்தம் விதியை மீறவில்லை. பையனின் முழங்கை உட்பக்க எலும்பில் இன்னும் மூடாத வளர்ச்சித் தட்டு மட்டும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இளம் வயதில் வரும் இந்தக் காயத்துக்கு லிட்டில் லீக் எல்போ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பாலும் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி எல்லா அணிகளின் எறிகளையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. 9 முதல் 12 வயது வரை, பன்னிரண்டு மாதங்களில் எல்லாம் சேர்த்து 80 இன்னிங்ஸுக்கு மேல் எறிய வேண்டாம் என்றும், ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதை நிறுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. வசந்தத்தில் ரெக், கோடையில் டிராவல், இலையுதிர் காலத்தில் ஃபால் பால், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சி என்று போகும் பிள்ளைக்கு அந்த நான்கு மாதம் எங்கே இருக்கிறது?

ஆகவே கிளப்புகளைத் துரத்திவிட வேண்டாம். துரத்தினால் அவை பக்கத்து ஊர் உள்ளரங்க நிலையத்துக்குப் போய்விடும், பிள்ளைகளும் போவார்கள், அவர்கள் எத்தனை பந்து எறிந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஒரே ஒரு பொது எறி ஏட்டை வைத்திருக்கிறோம். பகிரப்பட்ட விரிதாள்தான். ஆட்டம் முடிந்த இரவே, அது எந்த அணியின் ஆட்டமாக இருந்தாலும், எறிகளின் எண்ணிக்கை அதில் ஏற வேண்டும். எந்தப் பெற்றோரும் அதைப் பார்க்கலாம். பெற்றோர் பார்க்கத் தொடங்கிய பிறகு பயிற்சியாளர்களுக்கு நினைவூட்ட வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

ரேரிட்டன் கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. குறைந்தபட்ச ஆட்ட நேரம் பற்றிச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் மைனர்ஸ் பிரிவின் சென்ற பருவ ஏடுகளை எடுத்துப் பார்த்தேன். நின்றுவிட்ட பிள்ளைகளில் பலர் இரண்டே இன்னிங்ஸ் ஆடியவர்கள். இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பேரேடு அவர்களும் தோள்வலி அவர்களும் சொல்வதில் எனக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. கிளப்புகள் தனி அமைப்புகளாகிவிட்டால், எறி ஏட்டில் எழுதும்படியும் வசந்த காலத்தில் ரெக்குக்கு முதலிடம் தரும்படியும் அவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது? மைதானங்கள் ஊராட்சிக்குச் சொந்தமானவை. எங்களுக்கு இருப்பது பருவத்துக்கான பர்மிட் மட்டுமே. இதோடு, அம்பயர் பற்றாக்குறையும் கடுமையாக இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கீழ்ப் பிரிவுகளுக்கு அம்பயராக வருகிறார்கள். பெற்றோர் கத்துவதைத் தாங்காமல் பருவத்தின் நடுவிலேயே விலகிவிடுகிறார்கள்.

பேரேடு:

முடிச்சை அவிழ்க்கும் இடம் அந்த பர்மிட்தான். ஊராட்சியின் பொழுதுபோக்குத் துறையோடு குளிர்காலத்திலேயே பேசுங்கள். பல ஊர்களில் முதன்மைச் சங்கத்துக்கு மொத்த நேரமும் ஒதுக்கப்பட்டு, அதன் வழியாகவே மற்ற அணிகளுக்குப் பகிரப்படுகிறது. உங்கள் ஊரிலும் அப்படி என்றால், கிளப்புகளோடு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். காப்பீட்டுச் சான்று, பயிற்சியாளர்களின் பின்னணிச் சோதனை, எறி ஏட்டில் பதிவு, ஜூன் நடுப்பகுதி வரை ரெக் ஆட்ட நாட்களில் மோதாத அட்டவணை ஆகியவற்றை ஏற்பவர்களுக்கு மட்டும் விளக்குள்ள மைதானத்தின் நேரத்தைக் கொடுங்கள். ஊராட்சி நேராகவே ஒதுக்குகிறது என்றால், உள்ளூர்க் குழந்தைகளின் விகிதத்தை வைத்து ஒதுக்கும்படி கேளுங்கள். டிராவல் கிளப்புகளில் வெளியூர்ப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். தோள்வலி அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பணமும் பொறுப்பும் பிரிய வேண்டும் என்பதே என் வாதம்; ஏடு ஒன்றாகவே இருக்கட்டும்.

பயிற்சியாளர்களுக்கு இன்னொன்று. ஊதியமில்லாத தன்னார்வப் பயிற்சியாளர்கள், வரையறுக்கப்பட்ட பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தால் அவர்களுக்குச் சிவில் வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும் சட்டம் நியூஜெர்சியில் 1986 முதல் இருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மூன்று மணி நேர வகுப்பு இதற்காகவே நடத்தப்படுகிறது. எல்லா மேனேஜரும் உதவியாளரும் மார்ச் மாதத்துக்குள் அதை முடித்துச் சான்றிதழைத் தந்துவிட வேண்டும் என்று வையுங்கள்.

இரண்டாம் பேஸ்:

அம்பயர் பற்றி: 2023-இல் நம் மாநிலத்தின் தெற்கே டெப்ட்ஃபோர்ட் ஊர் லிட்டில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. அம்பயரைத் திட்டியவர்கள் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே அம்பயராக நின்றால்தான் மீண்டும் பார்வையாளராக வரலாம். மறுத்தால் ஓராண்டுத் தடை. நாடு முழுவதும் செய்தியானது அது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். கோபத்தில் இருக்கும் பெரியவரைப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நிறுத்துவது குழந்தைகளுக்கு நல்லதாக இருக்குமா என்பது எனக்கு ஐயம். ஆனால் தண்டனை உண்டு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த ஊரிடம் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் பலன் தந்தது எளிய ஏற்பாடு. பதினாறு வயது அம்பயர் இருக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் வேலிக்கு இப்பால், இரு அணிகளின் பெற்றோருக்கும் தெரியும்படி நிற்பார். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு மேனேஜர்களும் அம்பயரின் பெயரைச் சொல்லி, அவர் எந்தப் பள்ளியில் படிக்கிறார் என்பதையும் சொல்லிப் பெற்றோருக்கு அறிமுகம் செய்வார்கள். யாராவது குரல் உயர்த்தினால் அம்பயர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அந்த அணியின் மேனேஜர் போய்ப் பேச வேண்டும், அவர் பேசும் வரை ஆட்டம் நிற்கும். ஆட்டம் நிற்பதைக் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தியவர் தம் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார்.

பதின்மூன்று வயதுக்கு மேல் அணி சேர்வதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வயதில் 60 அடி பேஸும் (பேஸ்களுக்கு இடையே உள்ள தூரம்) 46 அடி எறிதூரமும் பழகிய பிள்ளையை, அடுத்த வசந்தத்தில் 90 அடி பேஸும் 60 அடி 6 அங்குல எறிதூரமும் கொண்ட பெரிய மைதானத்தில் நிறுத்துகிறோம். மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்குப் பந்து போய்ச் சேராது, அவமானப்பட்டு நின்றுவிடுகிறார்கள். நடுவில் 70 அடி பேஸும் 50 அடி எறிதூரமும் கொண்ட இன்டர்மீடியட் பிரிவை லிட்டில் லீக்கே வைத்திருக்கிறது. தனியாக நடத்தப் பிள்ளைகள் போதாது என்றால், பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து நடத்த லிட்டில் லீக்கின் மாவட்ட நிர்வாகியிடம் அனுமதி கேளுங்கள். நாங்கள் அந்த வழியில்தான் மீண்டும் இரண்டு அணிகளைச் சேர்த்தோம். விண்ணப்பத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். மார்ச்சில் கேட்டால் அட்டவணைக்குள் நுழைக்க இடம் இருக்காது.